சம்பந்தி வீட்டில் கை நனைத்த அன்று

டயட்டீஷியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களே, கூடவே மாட்டிக்கொண்டிருக்கிற ஒரே பையனே, உங்களிடம் நான் கலோரிக் கணக்கைப் பற்றிப் பேசப்போவதில்லை. அதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். மறந்துபோனால் செல்போன் சொல்லிவிடும். செல்போன் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். டீ வரும் என்று சொன்னீர்கள், அது வருகிறபோது வரட்டும்.

உடம்பு எடையைக் குறைக்கிற ஆப்பரேஷன் நான் வேலை பார்த்த காலத்தில் நம் ஆஸ்பத்திரியில் கிடையாது. புதுச்சேரியிலோ சென்னையிலோ போய் வயிற்றைச் சின்னதாக்கிக்கொண்டு, தையல் ஆறுவதற்குள் விருத்தாசலத்துக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். சர்ஜன் தன் வேலையை முடித்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். அதற்கப்புறம் அந்த வாயில் என்ன போகிறது, எவ்வளவு போகிறது, எப்படிப் போகிறது என்று பார்க்கிற பாடெல்லாம் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்திலிருந்த என் சின்ன அறைக்குத்தான்.

துபாயிலிருந்து லீவில் வந்து ஆப்பரேஷன் செய்துகொண்ட மங்கலம்பேட்டை பாய் ஒருவர் வந்தார். அவருக்கு அப்போது மசித்த உணவுக் கட்டம். "எல்லாம் நீங்க சொல்ற மாதிரிதான் மேடம், அரைச்சுத்தான் சாப்பிடறேன்" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. என்ன அரைத்தீர்கள் என்று கேட்டேன். "பிரியாணி" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "எலும்ப எடுத்துட்டுத்தான் மேடம்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அடுத்த வாரம் அதே பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு இட்லி என்று சொல்லியிருப்பார். உள்ளதை உள்ளபடி சொல்கிற நோயாளி கிடைப்பதே அபூர்வம். கிடைத்தால் முகத்தைச் சுளித்து விரட்டிவிடாதீர்கள்.

சொல்லாமல் மறைத்தவரின் கதைதான் இப்போது வரப்போவது. அவரைத் தனலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயரைச் சொன்னால் என்ன என்று அந்த அம்மாளே கேட்டார். நான்தான் மாற்றியிருக்கிறேன்.

தனலட்சுமியும் அவர் கணவர் கலியபெருமாளும் செராமிக் பொம்மை யூனிட் வைத்திருப்பவர்கள். அச்சில் வார்ப்பது ஆட்கள், வண்ணம் பூசுவதை மேற்பார்ப்பது தனலட்சுமி. நாளெல்லாம் நின்று நின்று மூட்டு போய்விட்டது. சர்க்கரை வேறு. ஊசி, மாத்திரை, நடை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தார். ஆப்பரேஷன் ஆன புதிதில், தையல் ஆறும்வரை கெட்டியாக எதுவும் சாப்பிடக்கூடாது என்பதை அவருக்குப் புரியவைக்க நான் பெரிதாக மெனக்கெடவில்லை. "சூளையிலேர்ந்து எடுத்த பொம்மைய சூட்டோட தண்ணில போடுவீங்களா?" என்று கேட்டேன். "ஐயையோ, விரிசல் வுட்ரும்" என்றார். "உங்க வயிறும் இப்ப அப்டித்தான்" என்றேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரைப்போலச் சொன்னபடி கேட்ட நோயாளி எனக்கு அமையவில்லை. முதலில் பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, பிறகுதான் குழைந்த சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. இனிப்பு அறவே கிடையாது. ஒவ்வொரு வாயையும் மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுக்க வேண்டும். அவர் யூனிட்டிலேயே செய்த சின்னக் கிண்ணம் ஒன்றில்தான் அளவு. அதைக் காலி பண்ண அவருக்கு ஒரு சினிமாவின் இடைவேளை வரைக்கும் ஆகும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் இருவரும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். தனலட்சுமியின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மேடம், வர்ற ஞாயித்துக்கெழம ஸ்ரீமுஷ்ணத்துல பொண்ணு வூட்ல கை நனைக்கணும்" என்றார்.

வெளியூர்ப் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் பார்க்கப் போகும்போது கேசரி, காபியோடு எழுந்து வந்துவிடுவார்கள். சோறு சாப்பிட மாட்டார்கள். சம்பந்தம் முடிவானால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் இலை போட்டு உட்காருவார்கள். அதுதான் கை நனைப்பது. எங்களுக்குச் சம்மதம் என்று வாயால் சொல்வதைவிட இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் மதிப்பு. அதிலும் பையனின் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்றால், அவருக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அந்தக் கூடத்திலேயே பேச்சு கிளம்பிவிடும்.

"ஆப்பரேஷன் ஆயிருக்குதுன்னு சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா காரியமே கெட்டுது மேடம். அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்ல. பெரியப்பாதான் எல்லாம். மனுசன் எப்படா ஒரு கொற கெடைக்கும்னு பாத்துக்கிட்டு இருக்காரு. சோறு திங்க முடியாத சீக்குக்காரி வூட்ல பொண்ண குடுக்கறதான்னு ஒரு வார்த்த கேட்டாருன்னா முடிஞ்சுது. எம் புள்ள அந்தப் பொண்ணத் தவிர யாரயும் கட்டிக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஒண்ணா வேல பாக்குதுங்க, ஒண்ணுக்கொண்ணு புடிச்சிப்போயிருக்குது. என் வயித்தாலயா அது கெடணும்?"

சொல்லிவிட்டு அழுதார். ஆப்பரேஷனுக்கு முன்னால்கூட அழாதவர்.

கலியபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஒரு வழி பண்ணிட்டேன் மேடம். இவங்களுக்கு ஒரு வேண்டுதல், விரதம் இருக்கறாங்க, கொஞ்சமாத்தான் சாப்பிடுவாங்கன்னு போன்ல சொல்லிட்டேன்."

மகா புத்திசாலித்தனம் செய்துவிட்ட தோரணை. தனலட்சுமி அவரைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் மறக்கவில்லை. விரதம் என்று சொன்னால் நம் ஊரில் பட்டினியா போடுவார்கள், இன்னும் விழுந்து விழுந்துதானே உபசரிப்பார்கள்? மனுசன் இத்தனை வருஷம் எந்த ஊரில் குடித்தனம் பண்ணினார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போன் போட்டாயிற்று.

"நீங்க எங்கூட வந்து பக்கத்துல ஒக்காந்துக்கங்க மேடம். அக்கான்னு சொல்லிக்கறேன்" என்றார் தனலட்சுமி.

நோயாளி வீட்டு விசேஷத்துக்கு நாம் போகலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். போகக்கூடாது என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் தனியாகப் போனால் வெட்கத்துக்குப் பயந்து எதையாவது விழுங்கிவைப்பார் என்று எனக்குத் தெரியும்.

பெண் வீட்டில் நல்ல வரவேற்பு. பெண்ணின் அம்மா சாரதா, மெலிந்த உருவம், அதிகம் பேசாதவர். பெண் நிவேதா துறுதுறுவென்று இருந்தாள். பெரியப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சேத்தியாத்தோப்பு வரைக்கும் நெல் வியாபாரத்தில் பெயர் சொல்கிற ஆள், வீட்டுக்குள்ளும் மூட்டை எடை போடுகிற மாதிரிதான் மனிதர்களைப் பார்ப்பார். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "பந்தில யாரும் பாதில எழுந்திரிக்கக் கூடாது. சம்பந்தி அம்மா எலைய மடிச்சப்பறம்தான் மத்தவங்க. போன் வந்தாலும் சரி." அவருடைய மச்சினர் ஒருவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் தனலட்சுமியின் காதில் சொன்னேன். "பருப்பு வரட்டும். அவசரப்படாதீங்க. இனிப்ப எல ஓரத்துல ஒதுக்கிடுங்க." அவரும் தலையாட்டினார்.

பருப்பு வரவில்லை. பெரியப்பா வந்தார். கையில் ஒரு தொன்னை. உள்ளே பூவராகர் கோயில் பிரசாதம், கோரைக்கிழங்கு மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை.

"விரதம்னு கேள்விப்பட்டேன். அதான் காலைலயே கோயிலுக்குப் போயி நானே வாங்கியாந்தேன். இத சாப்ட்டு விரதத்த முடிங்க சம்பந்தியம்மா" என்று நீட்டினார்.

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. இலையில் விழுந்த லட்டு என்றால் ஒதுக்கிவிடலாம். பெருமாள் பிரசாதத்தை, அதுவும் குறை தேடுகிற மனிதர் தானே போய் வாங்கி வந்து கையில் வைப்பதை, என்ன செய்வது? ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொண்டு மீதியை முந்தானையில் முடியுங்கள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், தனலட்சுமி அதைக் கண்ணில் ஒற்றி முழுசாக வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

கலியபெருமாளுக்கு மட்டும் நிம்மதி. சிரித்துக்கொண்டே இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

சாம்பார் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் தனலட்சுமிக்கு வேர்த்துக்கொட்ட ஆரம்பித்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது எனக்கே தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தார். உங்களுக்கு இது என்னவென்று தெரியும். வயிறு சின்னதாகிவிட்டவர்களுக்கு இத்தனை சர்க்கரை ஒரேயடியாகப் போனால் அது தங்காமல் குடலுக்குள் கொட்டிவிடும், உடம்பு தடுமாறும். படுத்து ஓய்வெடுத்தால் தானாகச் சரியாகும். ஆனால் அந்தக் கூடத்தில் யாருக்கு அது தெரியும்?

"சுகர் கொறஞ்சிபோச்சு, சக்கரத் தண்ணி குடுங்க" என்று எழுந்துவிட்டார் கலியபெருமாள். "விரதம் இருந்த ஒடம்பு, தாங்கல" என்றார் பெரியப்பா. "கண்ணு பட்டிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெரிய சொம்பு நிறையச் சர்க்கரைத் தண்ணீர் வந்துவிட்டது. நான் கையை நீட்டிச் சொம்பைத் தடுத்தேன்.

"வேணாம். குடுக்காதீங்க."

"நீங்க யாரும்மா?" என்றார் பெரியப்பா.

"அக்கா" என்றேன்.

"கூடப் பொறந்த அக்காவா இருந்தா, மயக்கமா வர்ற தங்கச்சிக்குச் சக்கரத் தண்ணி வேணாம்னு சொல்லுவீங்களா?"

நியாயமான கேள்வி. தனலட்சுமியின் கைப்பையிலேயே சர்க்கரை பார்க்கிற மெஷின் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். குறையவில்லை, ஏறியிருந்தது. இப்போது என் நிலைமையை யோசித்துப்பாருங்கள். உண்மையைச் சொன்னால் அந்தச் சொம்பு போய்விடும், கூடவே சம்பந்தமும் போகலாம். சொல்லாமல் விட்டால் அன்பாகவே அவர் வாயில் ஊற்றிவிடுவார்கள். நான் குனிந்து, "நான் சொல்லட்டுமா?" என்று காதில் கேட்டேன். தனலட்சுமி அந்த வேர்வையிலும் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

நான் நிமிர்ந்தேன். "நான் ஆஸ்பத்திரில வேல செய்யறவ. இவங்களுக்கு இப்ப ஒரு சொட்டுகூட குடுக்கக்கூடாது. உள்ள கொண்டுபோய் படுக்க வெக்கணும். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடுவாங்க, அதுக்கு நான் பொறுப்பு. ஏன் எதுக்குன்னு என்னய கேக்காதீங்க. அத அவங்கதான் சொல்லணும்."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஆபத்தைத் தடுப்பது நம் வேலை, அதை யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யுங்கள். ஆனால் ரகசியம் நோயாளியுடையது. பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து அவிழ்த்துவிடுவது சுலபம். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், பிறகு அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்பார்கள்.  நான் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தனலட்சுமியை உள்ளே படுக்க வைத்தோம். சாரதா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் நன்றாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"சீக்க மறைச்சிட்டு வந்திருக்காங்க. அக்காங்கறது பொய்யி. விரதங்கறதும் பொய்யின்னு நெனைக்கிறேன். கை நனைக்காம போயிட்டாங்கன்னு ஆயிடட்டும். பேச்ச இத்தோட வுட்ருவோம்."

பொய் என்று அவர் சொன்ன இரண்டுமே பொய்தான் என்பதால் எனக்குக் கோபப்படவும் வழியில்லை.

கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கியது. தனலட்சுமி எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, சாரதாவின் கையைப் பிடித்தார். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். இருங்க என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மூட்டுவலி, சர்க்கரை, ஆப்பரேஷன், சின்னக் கிண்ணம், விரதம் என்று கணவர் அளந்தது எல்லாம்.

"ஒட்டுவாரொட்டி இல்லைங்க. எம் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. ஒங்க வூட்டு சாப்பாடு புடிக்காம இல்ல. ஒங்க பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. என்னால திங்கத்தான் முடியல. அத எப்படி சொல்றதுன்னு தெரியாம கெடுத்துக்கிட்டேன்."

 சாரதா விசிறியைக் கீழே வைத்தார். ஆப்பரேஷனைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "நான் கல்யாணமாயி வந்தப்ப எங்க மாமியாவுக்கு வயித்துவலி. அவங்க சரியா சாப்பிட மாட்டாங்க. அவங்க சாப்பிடாதப்ப நான் எப்படி தட்டுப் போட்டு ஒக்கார்றது? பாதி வயித்தோடயே பழகிட்டேன். எம் பொண்ணு பசி தாங்க மாட்டா. நீங்க ஒரு கிண்ணத்தோட எழுந்துட்டீங்கன்னா அவ எப்படிங்க சாப்பிடுவா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேருக்கு அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அளவு அதே வீட்டில் இன்னொருத்தி தட்டை எப்படிக் குறைக்கும் என்று யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

தனலட்சுமி யோசிக்கவே இல்லை. "எழுந்திருக்க மாட்டேங்க. அந்த ஒரு கிண்ணத்த முடிக்கவே எனக்கு அவ்ளோ நேரம் ஆவும். அவளுக்குப் போட்டுட்டுத்தான் எனக்கு எடுத்துப்பேன். அவ வயிறு நெறைஞ்சு எழுந்திரிக்கற வரைக்கும் கூடவே ஒக்காந்திருப்பேன். இது நான் ஒங்களுக்குக் குடுக்கற வாக்கு."

சாரதா எழுந்தார். நேராகக் கூடத்துக்குப் போனார். "மாமா, எலைய எடுக்காதீங்க. பந்தி நடக்கட்டும்" என்றார். அவ்வளவு மெல்லிய பெண்ணிடமிருந்து அந்தக் குரல் வரும் என்று பெரியப்பாவே எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் ஏதோ சொல்ல வந்தார். "எம் பொண்ணு எங்க சாப்பிடணும்னு நான் முடிவு பண்ணிட்டேன் மாமா" என்று சாரதா முடித்துவிட்டார்.

எல்லாரும் மறுபடி இலைக்கு வந்தோம். நிவேதா என்னிடம் வந்து, "அத்தைக்கு என்ன குடுக்கலாம், சொல்லுங்க" என்று கேட்டு, பருப்பையும் குழைந்த சோற்றையும் அவளே மசித்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து இலை நடுவில் வைத்தாள். தனலட்சுமி ஒரு வாய் எடுத்தார். மென்றார். கரண்டியைக் கீழே வைத்தார். எதிரே இருந்தவரிடம் மழை எப்படி என்று விசாரித்தார். மறுபடி எடுத்தார்.

மற்றவர்கள் சாம்பார் முடித்து, வத்தக்குழம்பு முடித்து, மோர் வரைக்கும் வந்துவிட்டார்கள். கிண்ணத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை. போட்ட சட்டப்படி யாரும் எழுந்திருக்கவும் முடியாது. மச்சினரின் சட்டைப்பைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கலியபெருமாள் காய்ந்துபோன கையைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன பொய்க்கு அது வேண்டியதுதான். பெரியப்பா சும்மா இருக்க முடியாமல் ரசம் கேட்டார். பிறகு இன்னொரு தரம் கேட்டார். பிறகு அப்பளம். ஆனால் எழுந்திருக்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிற மனிதர் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி வாய் முடிந்து, தனலட்சுமி இலையைத் தன் பக்கமாக மடித்தபோது கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பெரியப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க வூட்ல இவ்ளோ நேரம் ஒக்காந்து சாப்ட்டவங்க யாருமே இல்ல சம்பந்தியம்மா" என்றார். "கல்யாணப் பந்தில மட்டும் என்னய ஒங்க வரிசைல போடாதீங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் இப்போது வீட்டிலிருந்தே வேலை, இங்கேதான் இருக்கிறார்கள். தனலட்சுமி நடக்கிற நடையைப் பார்த்தால் அந்த மூட்டா இது என்று கேட்பீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என் அறைக் கதவைத் திறந்துகொண்டு நிவேதா வந்தாள். நன்றாகக் கன்னம் வைத்து, பூசினாற்போல் இருந்தாள்.

"மேடம், எனக்கு ஒரு டயட்டு சொல்லுங்க. அத்தை அந்த ஒரு கிண்ணத்த முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு தட்டு சாப்ட்டுடறேன். எழுந்திரிக்கவும் வுட மாட்டேங்கறாங்க. கல்யாணத்துக்குத் தெச்ச ஜாக்கெட்டு ஒண்ணுகூட நொழைய மாட்டேங்குது."

நான் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். அதற்குள் பின்னாலேயே தனலட்சுமி மூச்சு வாங்காமல் படியேறி வந்துவிட்டார். எனக்கு வணக்கம்கூட வைக்கவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் எழுதாதீங்க மேடம்" என்றார். "அவங்கம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன். ஒரு புடி கொறைய வுட மாட்டேன்."